விளிம்பு மடங்கிய நாணயம்

வீட்டின் முன்னறையில் இருந்த அந்தச் சலவைக் கடையில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. துணி உலர்த்தும் மெஷின் ஓடத் தொடங்கினால் லொடலொடவென்று ஒரே சத்தம். அதைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். துணி மடிக்கும்போது அம்மாவின் உதடுகள் அசைவது மட்டும் தெரியும். துணிகளை எண்ணுகிறாள் போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

மகளை எல்லோரும் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விட மாட்டாள்.

கொஞ்ச நாளாகவே சத்தம் அதிகமாகிவிட்டது. மெக்கானிக் அதைப் போனிலேயே கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது, இனி தேறாது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வந்து பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். புது மெஷின் வாங்க வழியில்லை. கடையை மூடிவிட்டு, ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய சலவை நிலையத்துக்கு அம்மா வேலைக்குப் போக வேண்டியதுதான். போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். இதையெல்லாம் அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்படிச் சாதாரணமாகச் சொன்னதுதான் துருவிக்கு என்னவோ போலிருந்தது.

சனிக்கிழமை காலை அவள் கடையைப் பெருக்கியபோது, மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு நாணயம் உருண்டு வந்தது. மற்ற நாணயங்களைவிடச் சற்றுச் சிறியது. விளிம்பு தடித்து, குட்டிக் கிண்ணம் மாதிரி உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஓரத்து எழுத்துகளில் பாதியைக் காணோம்.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, இது தப்பா அச்சடிச்ச காசு. இதுக்கெல்லாம் நிறைய விலை தருவாங்களாம். எங்க கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான்."

"உங்க கிளாஸ்ல ஒருத்தன் யானை முட்டை போடும்னும் சொன்னான்."

"அவன் வேற."

இரண்டு தெரு தள்ளிப் பழைய நாணயங்கள் வாங்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள் தம்பி மனசுக்குள் ஒரு சைக்கிள் வாங்கி முடித்திருந்தான். துருவி ஒரு மெஷின் வாங்கியிருந்தாள். வெள்ளை நிறம். சத்தமே போடாது.

கடைக்கார அக்கா நாணயத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். குட்டித் தராசில் எடை போட்டாள். பிறகு தன் பெட்டியிலிருந்து வேறொரு நாணயத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். தூங்குகிறவர் மேலிருந்து போர்வை நழுவியது போல, அதில் படம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"அச்சடிக்கும்போது நடந்த தப்புன்னா இப்படித்தான் இருக்கும். அடிக்கிற நேரத்துல காசு நகர்ந்துடுச்சு. உன்னோடது அச்சுல சரியாத்தான் வந்திருக்கு. அப்புறம்தான் எங்கேயோ அடி பட்டிருக்கு."

துருவி விடவில்லை. யாராவது அரத்தால் ராவியிருப்பார்களா என்று கேட்டாள். ராவியிருந்தால் எடை குறைந்திருக்கும், இதில் குறையவில்லை என்று அக்கா சொன்னாள். விலையா? அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விலை.

தம்பியின் சைக்கிள் போய்விட்டது. துருவியின் மெஷினும்தான். ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"எப்படி அடிபட்டா ஓரம் முழுக்க ஒரே மாதிரி மடங்கும்?"

"சின்னச் சின்ன அடி. சுத்திச் சுத்தி, விடாம. அவ்வளவு பொறுமையா உக்காந்து தட்டுறதுக்கு யாரால முடியும்னுதான் எனக்குத் தெரியல."

துருவி நாணயத்தை விரல்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றிச் சுற்றி. விடாமல். லொடலொடவென்று.

"எங்க மெஷினால முடியும்" என்றாள். சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். ஒன்றும் புரியாமல் தம்பியும் பின்னால் ஓடினான்.

அம்மா அப்போதுதான் மெஷினை நிறுத்திவிட்டுத் துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மெஷின் தேயல. உள்ள காசு மாட்டியிருக்கு. இது அங்கிருந்துதான் விழுந்திருக்கு. ஓரத்தைப் பாரு."

அம்மா நாணயத்தைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். மறுபடியும் நாணயத்தைப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும் முன்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். சுழலும் உருளையைச் சுற்றி ஒட்டியிருந்த துணிப்பட்டை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் போய் உள்ளே கிடந்தன இன்னும் சில நாணயங்களும், ஒரு சட்டைப் பொத்தானும், ஒரு கொண்டை ஊசியும். நாணயங்களின் விளிம்புகள் அப்போதுதான் மடங்கத் தொடங்கியிருந்தன.

கிழிசலை அம்மாவே தைத்தாள். எல்லாவற்றையும் மாட்டி மெஷினை ஓட விட்டுவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள். அவர் நம்பவில்லை. சத்தத்தைக் கேட்க வேண்டும், மெஷினைப் போடுங்கள் என்றார்.

"போட்டுத்தாங்க இருக்கு" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்று கத்தினாள்.

"ஏம்மா கத்துற? இங்கதானே நிக்கிறோம்" என்றான் தம்பி.

சாப்பிட்ட பிறகு அம்மா துணி மடிக்க உட்கார்ந்தாள். மெஷின் மெல்லிய மூச்சோடு சுற்றிக்கொண்டிருந்தது. துருவி மடங்கிய நாணயத்தை உள்ளங்கையில் வைத்தபடி பக்கத்தில் படுத்திருந்தாள். அம்மாவின் உதடுகள் வழக்கம்போல அசைந்தன.

துருவி தலையைத் தூக்கினாள்.

அம்மா எண்ணவில்லை. பாடிக்கொண்டிருந்தாள்.

என்ன பாட்டு, யார் சொல்லிக்கொடுத்தது, எத்தனை நாளாகப் பாடுகிறாள் என்றெல்லாம் கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றையும் நாளைக்கு என்று ஒதுக்கிவிட்டு, துருவி மறுபடியும் படுத்துக்கொண்டாள்.