மூன்று சுற்று முடிச்சு

இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பரிசோதிக்கும் பிரெயின் கட்டிங் அறைக்குள் முதன்முதலாக நுழைந்த காலையில், மற்றவர்களுக்கு அடித்தது ஃபார்மலின் வாடை. எனக்கு, எங்கள் ஒக்கலிபுரம் வீட்டில் தொங்கும் அப்பாவின் சட்டை வாடை.

"வாம்மா. டிபன் சாப்ட்டியா?"

வாளிகளுக்கு நடுவே அப்பா. முப்பது வருடமாக அங்கே அட்டெண்டர்; எல்லாருக்கும் அய்யாவு அண்ணன்.

"தெரிஞ்சவரா?" என்றாள் என்னோடு ஃபெலோஷிப்பில் சேர்ந்த ஷில்பா.

"இல்லப்பா. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாரு போல."

எம்.டி. படித்த வாய் சொன்னது. அப்பாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அங்கே நான் அவருக்கு 'மேடம்'. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூளையை வாளியின் அடியில் உட்காரவிட்டால் சப்பையாகிவிடும். அதனால் அடிப்பக்க ரத்தக்குழாயில் நூல் கோத்து, ஃபார்மலினுக்குள் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். அப்பா மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். விரல் நீளத்துக்கு வால் விடுவார். பள்ளிக்கூடம் போகும்போது என் ரிப்பனையும் அப்படித்தான் கட்டினார்.

மூன்றாவது மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மூளையைத் தானமாக எழுதி வைத்திருந்தார். தானம் தந்தவர் பெயர் வாளியில் இருக்காது. எண் மட்டும். அப்பாவுடையது பதினாலு.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.

"இன்னிக்குக் கட்டிங்ல பதினாலு உன்னோடது," என்றாள் ஷில்பா.

ஒரு வார்த்தை சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். ஆனால் முதல் நாள் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். ஏப்ரனின் பின்கயிற்றைக்கூடக் கட்டாமல், கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

நூலில் மூன்று சுற்று. விரல் நீள வால்.

"யார் கட்டினது?" அப்பாவிடம் வேலை பழகி இப்போது அவர் இடத்துக்கு வந்திருந்த ஹெர்பர்ட்டைக் கேட்டேன்.

"நான்தான் மேடம். ஆனா நான் ரெண்டு சுத்துதான் சுத்துவேன்." முடிச்சைப் பார்த்தவரின் குரல் இறங்கியது. "நீங்க யாருன்னு இங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அய்யாவு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு. பயப்படாதீங்க."

அந்த இடத்திலேயே செத்திருக்கலாம்.

"என்ன நின்னுட்ட? தெரிஞ்சவங்களா?" ஷில்பா சிரித்தாள்.

"இல்ல."

இரண்டாம் முறை.

வாளியில் யாரும் கை வைக்கவில்லை. மூளை மெல்ல என் பக்கம் திரும்பியது.

என் இடுப்பில் ஏப்ரன் இறுகியது.

ஷில்பா எதிரே. ஹெர்பர்ட் எதிரே. பின்னால் சுவர்தான்.

ஒரு கையுறையைக் கழற்றி, முதுகுப் பக்கம் கயிற்றைத் தடவிப் பார்த்தேன். மூன்று சுற்று. விரல் நீள வால். ஈரம்.

கத்தியை எடுத்தேன். பதினாலை அறுத்தேன்.

இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஏப்ரனைக் கழுத்தில் மாட்டுவதோடு சரி. பின்கயிற்றை நான் கட்டுவதில்லை.