ஏழாவது பங்கு

ரூஜ் ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் சோளக்காட்டுக்கு நடுவில் டன்லி கோர்னர்ஸ் என்று ஓர் இடம் இருந்தது. இரண்டு மண் றோட்டு வெட்டிக்கொள்ளும் சந்தி, நாலு வீடு, ஒரு கல் கொட்டில். மேயரும் இல்லை, சபையும் இல்லை. எந்த நகரமும் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. துருப்பிடித்த பெயர்ப்பலகை மட்டும் நின்றது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யேசுரட்ணமும் அன்புராசாவும் அங்கே ஆடு அடிக்கப் போனார்கள். புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவில் ஒரே கட்டடத்தில் இருந்த ஆறு தமிழ்க் குடும்பம் சேர்ந்து எடுக்கிற பங்கு ஆடு. எல்மர் என்ற வெள்ளைக்காரக் கிழவன் ஆட்டையும் விற்று, அடிக்கிறதற்குத் தன் கல் கொட்டிலையும் திறந்துவிட்டான்.

யேசுரட்ணத்துக்குக் கிழமை முழுக்க ரெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. ஆட்கள் சப்பித் துப்பிய எலும்பை அள்ளி அள்ளி, இறைச்சி என்றாலே தட்டைத் தள்ளிவைத்துவிடுவான். ஆனால் மகள் ஜெனிற்றா ஈர்க்குக் குச்சியாய் இருந்தாள். ஈரல் கொடுங்கோ என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே வந்தான்.

கொட்டிலுக்குள் வெயிலின் சூடு நுழையவில்லை. சுவரெல்லாம் பழைய கொழுப்புப் படிந்து, கை வைத்தால் மெழுகாய் ஒட்டியது. அன்புராசா உரித்தான், யேசுரட்ணம் வெட்டினான். ஈரல், எலும்பு, சதை எல்லாம் சமமாய் விழ, பொலித்தீன் விரிப்பில் ஆறு குவியல் போட்டார்கள். வெளியே பைப்பில் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஏழு குவியல் இருந்தது.

"என்னடாப்பா, ஆடு செத்த பிறகு குட்டி போட்டிட்டுதோ?" அன்புராசா சிரித்தான்.

யேசுரட்ணம் குனிந்து பார்த்தான். ஏழாவதில் ஆட்டு மொச்சை நாற்றம் இல்லை. திரைந்துபோன பால்போல ஒரு தித்திப்பு மணம். கொழுப்பு மஞ்சளாய்த் திரண்டிருந்தது. ஒரு துண்டில் தோல் ஒட்டியிருந்தது. மயிரில்லாத, மெல்லிய தோல்.

அது வியர்த்துக்கொண்டிருந்தது.

"அன்பு, உதைத் தொடாதை. உது ஆடில்லை."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் அருவருப்பு. பங்கெண்டா சரிசமன்!" அன்புராசா அதை இரண்டு கையாலும் அள்ளி ஆறு குவியலிலும் பிரித்துக் கலந்துவிட்டான்.

வாசலில் எல்மர் நின்றான். விரிப்பைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். இங்கிலிஷ் தெரிந்தவன் அன்புராசாதான்.

"என்ன சொல்லுறான்?"

"கதை விடுறான். அந்தக் காலத்தில ஒரு மாரிக்குப் பனி மூடி றோட்டே இல்லையாம். கேட்டுப் பாக்க ஒரு அரசாங்கமும் இல்லை. மாடு முடிஞ்சு, குதிரையும் முடிஞ்சு… பிறகும் இஞ்சதான் பங்கு போட்டவையாம்."

"எதை?"

அன்புராசா சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"ஒரு வீடு குடுக்க மற்ற வீடுகள் திண்டவையாம். திண்டவை அடுத்த முறை குடுக்கவேணுமாம். சின்னது இருக்கிற வீடுதான் முதல்."

கிழவன் இன்னொன்று கேட்டான்.

"எங்களிலை ஆருக்குச் சின்னப்பிள்ளை எண்டு கேக்கிறான்."

"சொல்லாதை!"

அதற்குள் அன்புராசாவின் இரத்தக் கை யேசுரட்ணத்தின் பக்கம் நீண்டுவிட்டது. வாய் தன்பாட்டில் பெயரையும் சொல்லிற்று.

"ஜெனிற்றா."

கொட்டிலின் இருட்டு மூலையில் பல வாய்கள் சப்புக்கொட்டின.

யேசுரட்ணம் விரிப்போடு எல்லாவற்றையும் வாரிச் சோளக்காட்டுக்குள் எறிந்தான். ஒருத்தரும் தின்னாவிட்டால் ஒருத்தரும் கொடுக்கவேண்டியதில்லை. அந்த ஒரு நினைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினான்.

பாதி வழியில் பார்த்தான். வானை ஓட்டிக்கொண்டிருந்த அன்புராசா எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"என்னடா சப்புறாய்?"

"தெரியேல்லை, யேசு." அவன் கண் கலங்கியிருந்தது. "வாய்க்குள்ளை இருக்கு. துப்பேலாமல் கிடக்கு."

அப்போதுதான் தன் நாக்கிலும் ஏதோ மெத்தென்று வழுக்குவது யேசுரட்ணத்துக்குத் தெரிந்தது. தித்தித்தது. ஜன்னலைத் திறந்து துப்பப் போனான்.

தொண்டை விழுங்கிவிட்டது.

வீட்டில் மனைவி வேரோனிக்கா வெறுங்கையைப் பார்த்தாள். "இறைச்சி எங்கையப்பா? உலையும் வைச்சிட்டன்."

"கதவைப் பூட்டு. பிள்ளை எங்கை?"

ஜெனிற்றா ரீவிக்கு முன்னால் இருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினான். கை, கால், விரல் எல்லாம் தடவிப் பார்த்தான். பிள்ளை முழுசாய் இருந்தாள்.

"அப்பா, வெளியில நிறையப் பேர் என்னைக் கூப்பிடினம்."

யேசுரட்ணம் அவளை நெஞ்சோடு அணைத்தபடி சங்கிலியைக் கழற்றாமல் கதவை நீக்கிப் பார்த்தான். பன்னிரண்டாம் மாடி நடை வெறுமையாய்க் கிடந்தது. ஆடி மாத வெக்கையில் சுவர்கூடப் புழுங்கியது.

நடைக் கம்பளம் முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குப் பனி.

பனியில் வெறுங்கால் தடங்கள். பெரியதும் சின்னதுமாய், லிஃப்ற் தொடக்கம் கதவு வரை.

ஒன்றும் திரும்பிப் போகவில்லை.