மூன்று தரம் பேசுகிறவள்

மீஞ்சூர் கம்பெனியில் வேலை முடிந்து ஏரிக்கரை ஊரான பசியாவரத்துக்கு வந்த ஹேமந்த், கையோடு ஒரு காலிங் பெல் வாங்கிவந்து மாட்டினான். அம்மா சாமுண்டீஸ்வரி அதைத் தொடவே பயந்தாள். வாசல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், உள்ளே முகம் தெரியாத ஒருத்தி மூன்று தரம் சொல்வாள்: "தயவுசெய்து கதவைத் திறக்கவும்."

"யார்டா இவ? நம்ம ஊட்டுல குந்திகினு நமக்கே சொல்றா?"

"மருமக வர்ற வரைக்கும் இவதாம்மா உனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொழுது சாய்ந்தபின் வாசலில் யார் கூப்பிட்டாலும் அந்த ஊரில் மூன்றாம் தரத்துக்குத்தான் பதில் கொடுப்பார்கள். தண்ணீரில் செத்துப்போனவர்களுக்கு ஒரு தரத்துக்குமேல் குரல் எழாது.

அவள் புருஷன் எல்லப்பன் முகத்துவாரத்தில் படகோடு போனவன். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு அமாவாசைதோறும், விளக்கு வைக்கிற நேரத்தில், வாசலில் அவன் குரல் கேட்கும்.

"ஹேமந்து."

ஒரே தரம். மகனின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான். அவனைப் படகில் கால்வைக்கவும் விட்டதில்லை.

அந்த அமாவாசையில் காற்று நின்றுபோயிருந்தது. ஏரிச் சேற்றின் வாடை வீட்டுக்குள் வந்து தங்கியது. விளக்கேற்றிவிட்டு மகன் வாயில் கைவைத்துக் காத்திருந்தாள். குரல் வரவில்லை.

சுவரில் இருந்தவள் பேசினாள்.

"தயவுசெய்து கதவைத் திறக்கவும்."

மறுபடியும்.

மூன்றாம் தரமும்.

ஹேமந்த் அவள் கையை விலக்கினான். "மூணு ஆச்சும்மா. மனுசன்தான்."

கதவைத் திறந்தான். யாருமில்லை. மழையே பெய்யாத வாசலில், பொத்தானிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்தவன் ஒருமுறைதான் அழுத்தியிருக்கிறான். மீதியைச் சுவரில் இருந்தவள் சொல்லிவிட்டாள்.

"கதவச் சாத்துடா," என்று கிசுகிசுத்தாள்.

அவன் இருட்டைப் பார்த்து, "வர்றேன் நைனா," என்றான்.

தாழ்ப்பாள் போட்டு, அவன் கையை இறுகப் பிடித்தபடி படுத்தாள். எப்போது கண் அசந்தாளோ தெரியாது. விடியலில் கை வெறுமையாக இருந்தது.

கரைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுச் சம்பந்தத்தின் படகு, இன்ஜின் சத்தமே இல்லாமல், முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஹேமந்த், மடியில் கைகளை வைத்தபடி, சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான்.

பின்னால் யாருமில்லை.

ஆனால் படகின் பின்பக்கம்தான் தண்ணீரில் ஆழமாக அழுந்தியிருந்தது.