மிதிமின்

காலைச் சங்கு ஊதியதும் தாழையூரின் முன்னாள் குடிகாரர்கள் எல்லோரும் காலணியை மாட்டிக்கொண்டு மின்சாரம் தயாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து செவ்வாய்க் கிரகத்துக்கு வந்த சுரங்கத் தொழிலாளர்கள் தரைக்கு அடியில் குடைந்த ஊர் அது. ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு பாதை. பெயர் ஓடுவளையம். அதன் தரைத்தட்டுகள் மிதிபடும்போது பிறக்கும் மின்சாரத்தை மிதிமின் என்பார்கள்.

குடியை விட்டவர்களின் காதுக்குப் பின்னால் கடுகளவு கருவி ஒன்றைப் புதைத்திருப்பார்கள். அது வேட்கைத்தடை. நெஞ்சு வேகமாகத் துடித்தால்தான் தன் மருந்தைக் கசியவிடும். ஓடினால் அன்றைக்குக் குடி நினைப்பு வராது. ஓடாவிட்டால் விட்டதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

அந்தக் கூட்டத்துக்கு அருமைநாதன்தான் தலைவன். துளைபொறி ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் கதவுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்ற ஆசாமி. இப்போது அவன் கவலையெல்லாம் தம்பி ஞானதுரையைப் பற்றித்தான். காற்றைச் சுத்தம் செய்யும் பாசித்தொட்டிகளில் மிஞ்சுவதைப் புளிக்கவைத்து, வடித்து, ஊர் நிர்வாகமே தன் கடையில் விற்றது. அந்தப் பாசிச்சாராயத்தைத் தம்பி தண்ணீராகக் குடித்தான். ஈரல் போய்விட்டது, இனியும் குடித்தால் பிழைக்கமாட்டான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாற்று ஈரல் பூமியிலிருந்து வரவேண்டும். அதுவரை தம்பி தாங்கவேண்டும்.

அருமைநாதன் கெஞ்சிப் பார்த்தான், அடித்தும் பார்த்தான்.

"எலே, ஒரே ஒரு சுத்து என்கூட ஓடுல. பொறவு நீயே விடமாட்ட."

"எனக்கும் சேத்து நீயே ஓடுண்ணே," என்றான் ஞானதுரை, சுவரைப் பிடித்துக் கடைக்கு நடந்தபடி.

கேலியாகச் சொன்னதை அண்ணன் நெஞ்சில் வாங்கிக்கொண்டான். தம்பிக்கும் சேர்த்தே ஓடினான். கூட்டத்தைப் பார்த்தாவது மனசு மாறாதா என்று, குடியை விட நினைத்தவர்களை வீடுவீடாகப் போய் இழுத்துவந்தான். வளையம் நிரம்பியது. வேடிக்கை என்னவென்றால், கடையும் நிரம்பியது. முன்பெல்லாம் மத்தியானத்தோடு தீர்ந்துபோகும் சரக்கு இப்போது நாள் முழுக்கக் கிடைத்தது. தம்பியின் கண்கள் மஞ்சளாயின.

மின்பங்கீட்டுப் பொறியாளர் பவுலினிடம் ஒருநாள் அருமைநாதன் போய் நின்றான். வளையத்து மின்சாரம் இவ்வளவு சேர்கிறதே, ஆஸ்பத்திரியில் தம்பியின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவிக்குக் கொஞ்சம் திருப்பிவிடக் கூடாதா என்று கேட்டான்.

"ஆஸ்பத்திரி, காத்து, தண்ணி எல்லாம் அணு உலையில ஓடுது அண்ணாச்சி. மிதிமின் கூடும், குறையும். அதை நம்பி உயிரை ஒப்படைக்க முடியுமா?"

"அப்போ நாங்க ஓடுதது எங்கம்மா போகுது?"

"சாராய வடிசாலைக்கு. அது ஒண்ணுதான் விட்டு விட்டு ஓடுனாலும் பாதகமில்ல. நீங்க ஆள் சேத்த பொறவுதான் ரெண்டாவது கொப்பரையே வச்சாங்க."

இத்தனை நாளும் தம்பி வாயில் தன் காலாலேயே ஊற்றியிருக்கிறோம் என்று புரிந்ததும் அருமைநாதன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

மறுநாள் சங்கு ஊதியபோது வளையத்தின் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான். விஷயம் தெரிந்த மற்றவர்களும் அவனருகில் உட்கார்ந்துவிட்டார்கள். வேட்கைத்தடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒருவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். இன்னொருவன் தன் கையைக் கட்டிப்போடச் சொல்லி மனைவியிடம் அழுதான். அருமைநாதனின் உடம்பு முழுக்க ஒரே ஒரு வாய் சாராயத்துக்காக அலறியது. அவன் எழவில்லை. கொப்பரைகள் ஆறின, கடையில் இருப்பும் தீர்ந்தது. தம்பி இன்று குடிக்கமாட்டான், நாளையும் குடிக்கமாட்டான் என்ற அந்த ஒரு நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டது. ஞானதுரை அண்ணனின் பழைய காலணியை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பின்னால் ஊரின் குடிகாரர்கள் அத்தனை பேரும்.

அருமைநாதனுக்கு நெஞ்சு பொங்கியது. "ஓட வந்துட்டியால?"

"வேற வழி? கரண்டு இல்லன்னு கடைய மூடிட்டானுவ. நாங்களே ஓடி வடிச்சுக்கிடுதோம். நகருண்ணே."

அவனைத் தாண்டிக் குதித்து ஓடத் தொடங்கினார்கள். தள்ளாடினார்கள், விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். எத்தனையோ வருஷம் கெஞ்சியும் ஒரு சுற்று ஓடாத தம்பி இப்போது நிற்காமல் ஓடினான்.

"நில்லுல! ஐயோ, நில்லுல!" என்று கதறிக்கொண்டு அருமைநாதன் அவனைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடினான். அண்ணன் ஓடுவதைப் பார்த்துத் தம்பி இன்னும் வேகம் எடுத்தான். தலைவன் ஓடியதும் கூட்டமும் எழுந்து ஓடியது. ஓட ஓட வேட்கைத்தடை கசிந்து உடம்புக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் அருமைநாதனுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. அவன் வைத்த ஒவ்வொரு அடிக்கும் தரைத்தட்டு மின்னியது. வடிசாலையில் இரண்டு கொப்பரைகளும் கொதிக்க ஆரம்பித்தன.

சாயங்காலம் கடை திறந்தது. முதல் குவளையை ஞானதுரை வாங்கினான்.

தாழையூரில் ஊரே ஓட்டப்பயிற்சிக்கு மாறிவிட்டது என்று நிர்வாகம் பூமிக்குப் பெருமையோடு செய்தி அனுப்பியது. சென்னைக் கடற்கரையில் காலை நடையை முடித்துவிட்டு, எதிர்க்கடையில் நெய் வழியும் பொங்கலும் மெதுவடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைப் படித்தார். நல்ல பழக்கம் என்று மனதாரப் பாராட்டினார். பிறகு, தானும் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்திருப்பது நினைவுக்கு வரவே, இன்னொரு வடை கொண்டுவரச் சொன்னார்.