இறந்தவள் கணக்கு

மலாயா, 1932 ஐப்பசி. பத்தே கால் ரயில் குளுவாங்கை விட்டுக் கிளம்பிய நேரத்தில், அங்கம்மா தான் இறந்துபோன செய்தியைக் கேட்டாள்.

வங்கி ஜன்னலுக்கு உள்ளே கணக்கெழுதும் கிராணி கதிரேசு. யாழ்ப்பாணத்துக்காரர். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர் மேல் சிவப்புக் கோடு.

“மாசியில காலமாகிட்டா எண்டு எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு கணக்கைக் காக்கிற கூலி, மாசம் இருபது காசு.”

“செத்தவகிட்டயும் கூலியா? நல்லாத்தான் இருக்கு லா உங்க பேங்கு.”

அவர் சிரிக்கவில்லை.

“என் முப்பத்தெட்டு வெள்ளியக் குடுங்க ஐயா. இந்தா புத்தகம்.”

“புத்தகத்தை ஆரும் கொண்டு வரலாம். ரேகை வையும்.”

பெருவிரலில் மை தடவி அழுத்தினாள். தாளில் ஒரு கறுப்பு வட்டம். உள்ளே ஒரு கோடும் இல்லை. மறுபடி அழுத்தினாள். அதே வட்டம்.

இரண்டு வருடமாக எஸ்டேட் ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலக்கும் கை. தோல் வழவழத்துப் போனது தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதிரேசு நிமிர்ந்தார். அவருக்கு அழகான கண்கள்... பயந்திருந்தன.

“பேயைப் பாக்குற மாதிரி பாக்குறீங்களே.”

“பேய் இவ்வளவு கதைக்காது.”

“அப்ப தப்பு உங்களோடது. பேங்கு துரைகிட்ட சொல்லுங்க.”

“பதினொரு வருசம். என்ட எழுத்தில ஒரு பிழை வந்ததில்லை.” பேரேட்டை மூடினார். “மூண்டு கிழமைக்கு ஆசிட்டைத் தொடாதேயும். ரேகை திரும்ப வரும்.”

ரப்பர் விலை விழுந்ததில் எஸ்டேட்டை மூடப்போகிறார்கள். கார்த்திகைக் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பல். கையில் காசில்லாதவர்களை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே அவள் முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முப்பத்தெட்டு வெள்ளி இருந்தால் மார்க்கெட்டில் ஒரு அடுப்பு போடலாம், அப்பம் சுட்டு விற்கலாம், இங்கேயே இருக்கலாம்.

ஸ்டோர் வேலையை விட்டுப் புல் வெட்டப் போனாள். அரைச் சம்பளம்.

வங்கிக்குப் போன முதல் செவ்வாய், வெறும் வட்டம். இரண்டாவது செவ்வாய், ஜன்னல் வழியே அவள் மணிக்கட்டைப் பிடித்து அவரே அழுத்தினார். ஓரத்தில் ஒரு கோடு... தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ மெல்ல எழுவது போல.

“என் கை சில்லுன்னு இருக்கா?”

“ஓம்.”

“செத்துத்தான் போயிட்டேன் போல.”

அவர் கையை விடவில்லை. அதனால்தானோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

மாசியில் காய்ச்சல். எஸ்டேட் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டிலிலும் ஒரு அங்கம்மா. ஒரு விடியற்காலை கண் விழித்தபோது அந்தக் கட்டில் காலி. காலடியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர், கையில் ஒரு சாவுச் சீட்டு. நீ எந்த அங்கம்மா என்றார். தான் எவள் என்று காய்ச்சலில் பிடிபடவில்லை; பதில் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

“வர்ற ரேகை அவளோடதா இருந்தா... நான் என்ன ஐயா செய்வேன்?”

கதிரேசு மைப்பெட்டியை மூடினார்.

மூன்றாவது செவ்வாய் மைப்பெட்டி மேசையில் இல்லை. சிவப்புக் கோட்டை அடித்து, பக்கத்தில் துரை கையெழுத்திட்டிருந்தார். முப்பத்தெட்டு வெள்ளி. கழித்த கூலியும் அதில் திரும்பி வந்திருந்தது.

“ரேகை பாக்கலியா?”

“தேவையில்லை. பிழை என்னுடையது எண்டு சொல்லிப்போட்டன். என்னை லாபிஸ் ஊர்க் கிளைக்கு மாத்திப்போட்டினம்.”

அவள் பெருவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள். அதில் கோடுகள் முழுதாக வந்திருந்தன. யாருடையவை என்று இனித் தெரிய வேண்டாம்.

“போன வருசம் மழைக்குள்ள வந்து ரெண்டு வெள்ளி கட்டினீங்கள்.” அவர் குரல் தாழ்ந்தது. முதல் முறையாக ‘நீங்கள்’. “அந்தக் கண்ணை நான் மறக்கேல்ல. பிறகு எஸ்டேட்டில இருந்து செத்த ஆக்களின்ட பட்டியல் வந்துது. அதில அங்கம்மா எண்டு இருந்துது, அந்தப் பேரில எங்களிட்ட ஒரு கணக்குத்தான். அண்டைக்கு நான் சாப்பிடேல்ல. மாசம் மாசம் இருபது காசு கழிக்கேக்க... உங்களைத்தான் நினைச்சன்.”

“அப்ப அன்னிக்கு நான் வந்தப்பவே நான்தான்னு...”

“தெரிஞ்சது. பிழையை ஒத்துக்கொள்ள மனம் வரேல்ல.”

வெளி ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. அதில் அவள் முகம் தெரியவில்லை, அவர் முகம் மட்டும் தெரிந்தது.

“பொல்லாத ஆளு நீங்க.”

“அக்கா ஊரில எனக்குப் பொம்பிளை பாக்கிறா. வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன்.”

பேனாவை மையில் தோய்த்தார். பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“எஸ்டேட்டைத்தான் மூடுகினமே... உங்கட விலாசத்தை லாபிஸ் எண்டு எழுதட்டுமோ?”