நாற்பத்திரண்டு கையெழுத்து

காலை மணி ஏழு பதினைந்து.

சலவைக்கூடத்தின் ஈரத் தரையில் அத்தான் மல்லாந்து கிடந்தார்.

வலது உள்ளங்கையில் ஒரு கருகிய கோடு. பெரிய வாஷிங் மெஷினின் இரும்புக் கதவு பதிந்த கோடு.

"முதல்ல பார்த்தது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் சார்..." அக்காவின் குரல் உடைந்தது. "தினம் ஆறரைக்கு வந்து அவருதான் மெஷினைப் போடுவாரு. முதல்ல ஆஸ்பத்திரி பெட்ஷீட் போடணும்... டீ கொண்டு வந்தேன். கீழ கிடந்தாரு. மெயினை அணைச்சுட்டுத்தான் தொட்டேன்."

"எர்த் ஒயரை எலி கடிச்சிருக்கும் சார்!"

சொன்னவன் சின்னவன். அக்காவின் ஒரே தம்பி. வீட்டில் யாரும் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பொறி வைங்க அத்தான், பொறி வைங்க அத்தான்னு தலையால அடிச்சுக்கிட்டேன்! கேட்டாரா?"

அக்காவின் அழுகை நின்றது.

ஒரே ஒரு விநாடி.

பிறகு மறுபடியும் அழுதாள்.

எலக்ட்ரீஷியன் அதற்குப் பிறகுதான் மெஷினுக்குப் பின்னால் டார்ச்சோடு நுழைந்தார். பத்து நிமிடம் கழித்துத் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"எலிதான் சார். எர்த் ஒயர் துண்டா அத்துக்கிட்டு நிக்குது. பக்கத்து ஒயரும் தோல் உரிஞ்சு இரும்புல ஒட்டிக்கிட்டிருக்கு."

"எலியை நான் எங்க போய்ப் பிடிக்கிறது..." இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "விபத்துன்னு எழுதிக்குங்கய்யா."

அந்த எலிக்கு வயது முப்பத்தொன்று.

அதன் பல், பாக்கெட்டில் அடங்கும் ஒரு நகவெட்டி. ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் துப்ப அதற்கு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

* * *

எல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது.

சலவைக்கூடத்தின் பழைய முதலாளிக்கு மூட்டுவலி. விற்கிறேன் என்றார். இரண்டு மெஷின், ஒரு டிரையர், ஒரு டெலிவரி வேன், மாதம் தவறாமல் பணம் கொடுக்கும் ஒரு ஆஸ்பத்திரி.

அங்கே பதினெட்டு வருஷம் சம்பளத்துக்குத் துவைத்த அத்தானுக்குக் கை துறுதுறுத்தது.

"முதலாளியே வழி சொல்றாருடா. பாதி இப்பக் குடு, மீதியைக் கடையில வர்ற வருமானத்துலயே மூணு வருஷத்துல கட்டுங்கறாரு. வட்டிகூட வேணாமாம்."

"நகையை வித்தா பாதி தேறிடும்," என்றாள் அக்கா.

சின்னவன் சிரித்தான்.

"நகையை விக்கிறதா? எந்தக் காலத்துல இருக்கீங்க! பேங்க்ல லோன் போடுங்க அத்தான். முழுப் பணமும் வரும். கூடவே இன்சூரன்ஸ். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கடன் மொத்தமும் ரத்து! அக்காகிட்ட ஒருத்தன் கை நீட்ட முடியாது."

"என்னைக் கொன்னுட்டுத்தான் கடை வாங்கணுமாடா?" அத்தானும் சிரித்தார்.

"ச்சே... நூறு வயசு இருப்பீங்க அத்தான்!"

முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி ஆள் செத்தாலும் உயிரோடு இருக்கும். பேங்க் கடன் ஆளோடு சேர்ந்து சாகும். சின்னவனுக்கு அந்த ஒரு வித்தியாசம் போதுமாயிருந்தது. கடை அக்கா பேரில். அக்காவுக்குத் துவைக்கத் தெரியும், வியாபாரம் தெரியாது. கல்லாவில் யாராவது உட்கார வேண்டுமே!

பேங்கில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் மேனேஜர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். நாற்பத்திரண்டு குறி.

"படிச்சுப் பாருடா சின்னவனே."

"ஜாமீன் கையெழுத்துதானே அத்தான்? நீங்க படிச்சாச்சுல்ல, போதும்."

ஒரு கை கையெழுத்துப் போட்டது. இன்னொரு கை போனைத் தடவிக்கொண்டிருந்தது.

மேனேஜர் ஏதோ விளக்கினார். அக்கா தலையாட்டினாள். சின்னவன் போனில் வந்த ஒரு வேடிக்கைக்குச் சிரித்தான்.

* * *

அத்தான் செத்து இருபது நாள் கழித்து, மதியம் மூன்று மணி.

"சின்னவனே!" அக்கா கூப்பிட்டாள். "ட்ரம்முக்கும் ரப்பருக்கும் நடுவுல ஷீட் மாட்டிக்கிச்சுடா. கொஞ்சம் இழுத்து விடேன். ஆஸ்பத்திரி வண்டி வந்துடும்."

"மெயின் அணைச்சிருக்கா?"

"அதைச் செய்யாம உன்னைக் கூப்பிடுவேனா? செருப்பைக் கழட்டிட்டு வா. சோப்புத் தண்ணி, வழுக்கும்."

கழற்றினான். போனை அயர்ன் மேஜையில் வைத்தான். குனிந்து இடுப்பு வரை மெஷினுக்குள் நுழைந்தான். நனைந்த பெட்ஷீட் முறுக்கிய கயிறாக இருந்தது. வலது கையை அதற்குள் செருகி, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான். அசையவில்லை.

போன் அடித்தது.

"பேங்க் மேனேஜருடா. ஸ்பீக்கர்ல போடவா?"

"போடு, போடு! கடன் ரத்தான விஷயமாத்தான் இருக்கும்!" அவன் குரல் ட்ரம்முக்குள் முழங்கியது.

"சார், வணக்கம். முதல் தவணை அஞ்சாம் தேதி. ஞாபகப்படுத்தலாம்னு..."

"தவணையா? அத்தான்தான் போயிட்டாரே சார்! இன்சூரன்ஸ் இருக்கே!"

"இருக்கு சார். உங்க மேல."

"...என்ன?"

"உங்க அத்தானுக்கு அம்பத்தெட்டு வயசு. ஏழு வருஷக் கடனுக்கு இன்சூரன்ஸ்காரங்க அந்த வயசை ஒத்துக்கல. அதனாலதான் உங்களை முதல் கடன்தாரராப் போட்டோம். உங்க முன்னாடி வச்சுத்தானே சொன்னேன்? நாப்பத்திரண்டு கையெழுத்துப் போட்டீங்களே! உங்க அக்காகூட ரெண்டு தடவை கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட்டாங்க."

சின்னவன் ஷீட்டை இழுப்பதை நிறுத்தினான்.

"உங்களுக்கு ஏதாவது ஆனாத்தான் சார் கடன் ரத்தாகும். நல்லா இருங்க! வச்சிடறேன்."

போன் அடங்கியது.

சின்னவன் கையை உருவப் பார்த்தான். இழுக்க இழுக்க ஷீட் இறுகியது. காலுக்கடியில் சோப்புத் தண்ணீர் குளிர்ந்தது.

பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம். நிதானமாகச் சுவர்ப் பக்கம் போனது. மெயின் ஸ்விட்ச் இருக்கும் சுவர்.

"அக்கா... கை மாட்டிக்கிச்சுக்கா. கொஞ்சம் வந்து பிடியேன்..."

"எலக்ட்ரீஷியன் உள்ள போறதுக்கு முன்னாடியே எலின்னு சொன்னியே. எப்படிடா தெரியும்?"

"அது... சும்மா... ஒரு யூகம்கா..."

"நல்ல யூகம்."

ஏதோ ஒன்று அவன் வெறுங்காலின் அருகே வந்து விழுந்தது. தலையை மட்டும் வெளியே இழுத்துக் கீழே பார்த்தான்.

அவனுடைய நகவெட்டி! அதன் வாயில் புதுச் செம்புத் துணுக்கு ஒன்று மின்னியது.

"அக்கா! நான் உன் கூடப் பிறந்தவன்கா!"

"அதனாலதான் கேக்கறேன்... அந்த எலி மறுபடியும் வந்து கடிச்சிருக்கு போல. ஸ்விட்சைப் போட்டுப் பாக்கட்டுமா, சின்னவனே?"