ரொட்டி போடாத படகு

சிட்டுவின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு ஓட்டுகிறார்கள். சும்மா படகு இல்லை, அடிப்பாகம் முழுக்கக் கண்ணாடி போட்ட படகு. குனிந்து பார்த்தால் கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறை தெரியும்.

படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘மீன் காட்டாமல் கரை திரும்ப மாட்டோம்.’

அது அந்தக் குடும்பத்தின் வாக்கு. தாத்தாவின் அப்பா எழுதியது. வருடாவருடம் படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த வரியை மட்டும் அப்பா தன் கையால்தான் எழுதுவார். வேறு யாரும் தூரிகையைத் தொடக்கூடாது.

வாக்குத் தவறாமல் இருக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வாளி நிறைய ரொட்டித் துண்டுகள். பாறைக்கு மேலே படகு வந்ததும் சிட்டு அவற்றைக் கடலில் வீசுவாள். எஞ்சின் சத்தம் கேட்டாலே போதும், கிளி அலகு போன்ற வாயுள்ள கிளிமீன்கள் அதைப் பிளந்துகொண்டு ஓடிவந்துவிடும்.

அன்றும் அப்பா படகில் ஏறிய சுற்றுலாக்காரர்களுக்கு வழக்கம்போல விறைப்பாக நின்று விளக்கினார்.

“இது கல்லு இல்லைங்க, உயிரு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிருங்க சேர்ந்து கட்டின வீடு. எத்தனையோ மீன் குஞ்சுங்க இதுலதான் ஒளிஞ்சு வளருது. பெரிய அலை வந்து நம்ம கரையை அடிக்காம தடுக்கிற மதிலும் இதுதான்.”

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள்.

“அங்கிள், பவளப்பாறை எங்கே?”

“உன் காலுக்குக் கீழேதாம்மா.”

“இதா? எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியும் இப்படித்தான் பாசி பிடிச்சுக் கிடக்கு. அதைப் பார்க்க நாங்க டிக்கெட் வாங்கறதில்லையே!”

படகே சிரித்தது. அப்பா மட்டும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நின்றார். அவர் காது சிவந்துவிட்டதைச் சிட்டு பார்த்தாள்.

கீழேயும் பார்த்தாள். அந்தச் சிறுமி சொன்னது உண்மைதான். முன்பு இளஞ்சிவப்பாக இருந்த பாறை இப்போது பச்சைக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. மீன்களோ பாறைப் பக்கமே போகவில்லை. அத்தனையும் வாளிக்கு நேராக வாயைப் பிளந்து நின்றன.

மாலையில் வீட்டில் ஒரே ரகளை. தம்பி குண்டு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

“எப்படிப் பசிக்கும்? பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணிட்டு வந்து உக்கார்ந்தா!” என்றாள் அம்மா.

சிட்டு சட்டென்று எழுந்தாள்.

“அப்பா! நம்ம மீனும் குண்டுவும் ஒண்ணு!”

“நான் மீன் இல்ல!” என்று கத்தினான் குண்டு.

“இருடா. அப்பா, கிளிமீன் முன்னாடியெல்லாம் என்ன தின்னும்?”

“பாறையில இருக்கிற பாசியை.”

“இப்ப?”

அப்பா வாசலில் இருந்த ரொட்டி வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

“நாம போடற ரொட்டியில வயிறு நிறைஞ்சிடுது. அப்புறம் பாசியை யார் தின்னுவாங்க? பாசி மூடினா பவளத்துக்கு வெயில் கிடைக்காதேப்பா.”

“அதுக்காக ரொட்டியை நிறுத்தினா மீன் மேல வராதுடி. மீன் வரலைன்னா வாக்கு போச்சு. நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

“பாறை செத்துட்டா மீனே இருக்காதே. அப்ப அந்த வரியை அழிச்சிடலாமா?”

அப்பா எழுந்தார். வெளியே போனார். ரொட்டி வாளியைக் கழுவி, சுவர் ஓரமாகக் கவிழ்த்து வைத்தார்.

ரொட்டி இல்லாமல் படகு போன முதல் சில நாள் மீன்கள் வந்தன. வாயைப் பிளந்தன. ஒன்றும் விழாததால் கோபித்துக்கொண்டு போய்விட்டன. பக்கத்துப் படகின் மீசைக்காரர் கை நிறைய ரொட்டியை வீசிக்கொண்டே கேட்டார்: “என்ன அண்ணே, உங்க மீனெல்லாம் லீவா?”

பிறகு ஒருநாள் மீன்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படகு நிறைய ஆட்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா கரைப் பக்கம் படகைத் திருப்பவே இல்லை.

“ஐயா, நாங்க மீனைப் பார்த்துட்டோம்னே வச்சுக்குங்க. போலாமே!” என்று கெஞ்சினார் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

“பொய் சொல்ற பழக்கம் எங்க வீட்டுல இல்லைங்க” என்றார் அப்பா.

“அப்ப ராத்திரி சாப்பாடும் இங்கேதானா?”

சிட்டு கண்ணாடி வழியே மறுபடி மறுபடி தேடினாள். ரொட்டியை நிறுத்தச் சொன்னது அவள்தானே! இன்று வாக்குத் தவறினால் நாளை வாளி திரும்பி வந்துவிடும்.

மீன் நம்மைத் தேடி வராது. நாம்தான் தேடிப்போக வேண்டும். ஆனால் எங்கே?

“அப்பா, எஞ்சினை நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க.”

அவள் தரையில் படுத்துக் கண்ணாடியில் காதை வைத்தாள். முதலில் தண்ணீர் தட்டும் சத்தம். அப்புறம், எங்கோ தள்ளி...

கறுக். கறுக். கறுக்.

“மெல்லுது! யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி மெல்லுது! துடுப்பை எடுங்கப்பா, அந்தப் பக்கம்!”

அப்பா சத்தமில்லாமல் துடுப்புப் போட்டார். தொப்பிக்காரரும் தரையில் படுத்துவிட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் படுத்தார்கள்.

“எனக்கும் கேக்குது!”

“இடதுபக்கம் போங்க, இடதுபக்கம்!”

பாறையின் வளைவில் படகு மிதந்து வந்தது. கீழே பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் கூட்டம்! வரிசையாகப் பாசியைக் கறுக் கறுக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தது. அவை தின்ற இடமெல்லாம் பாறை பளிச்சென்று இருந்தது. கைதட்டல் கரைவரை கேட்டது. அப்பா காலரைச் சரிசெய்தார்.

“இப்ப கரைக்குப் போலாம்ங்க” என்றார் கம்பீரமாக.

“இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்!” என்றார் தொப்பிக்காரர்.

அடுத்த வருட விடுமுறையில் இரட்டைப் பின்னல் சிறுமி மறுபடி வந்தாள். காதைக் கண்ணாடியில் வைத்தவள் கீழே உற்றுப் பார்த்தாள்.

“யாரோ சட்டைப் பொத்தானைப் போட்டுட்டாங்க. அதோ, சுத்தமா இருக்கிற பாறை மேல.”

சிட்டு எட்டிப் பார்த்தாள்.

“அப்பா! பொத்தான் இல்லப்பா! குட்டிப் பவளம்! புதுசாப் பொறந்திருக்கு!”

“எங்க வீட்டுத் தொட்டியில இது இல்ல” என்று ஒப்புக்கொண்டாள் சிறுமி. கரை வந்த பிறகும் அவள் படகைவிட்டு இறங்கவில்லை.

கரையில் மீசைக்காரர் காத்திருந்தார்.

“அண்ணே, எனக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கத்துக்கொடுங்க. இந்த ரொட்டி வாளியைத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல.”

“என்கிட்ட குடுங்க!” என்று பாய்ந்தான் குண்டு.

அந்த வருடம் படகுக்குப் பெயிண்ட் அடித்தபோது, அப்பா தூரிகையைச் சிட்டுவிடம் நீட்டினார். அவள் அந்த வரியை மெதுவாக எழுதி முடித்தாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. அதைத் திருத்த அப்பா யாரையும் விடவில்லை.